கல்லேரியில் தங்கியவள்

கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன குடும்பத்தில் பிறந்தவர் மரியதாஸ். அறுபது வயதைக் கடந்தபின் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து, தன்னைவிட இளையவரான அமலன் அடிகளிடம் சீடரானார்.

துறவு ஏற்கும் நாள் நெருங்கியது. மரியதாஸ் தயங்கினார்.

"அடிகளே, எந்த ஊர்க்காரன் என்றே தெரியாதவன் எதைத் துறப்பது?"

"தேடிப் பாருங்கள்," என்றார் அடிகள். "நானும் வருகிறேன்."

மரியதாஸுக்குத் தெரிந்தது கொள்ளுத்தாத்தாவின் பெயர் ராயப்பன் என்பதும், வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரு பெருமையும்தான். கொடும்பஞ்சத்தில் பெற்ற பிள்ளைகளில் ஒன்றைக்கூடச் சாகவிடாமல் கப்பலேற்றிக் காப்பாற்றிய மனிதர்.

கப்பல் பயணிகள் பட்டியல் காட்டிய பங்கின் பழைய கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பிரித்தார்கள். ராயப்பன், ஊர் கல்லேரி. பிள்ளைகள் மூன்று.

கப்பலில் போனது இரண்டு பிள்ளைகள் என்றே மரியதாஸ் கேட்டிருந்தார். மூன்றாவது பெயர் சவேரியம்மாள். அடக்கப் பதிவேட்டைப் புரட்டினார். அதில் அவள் பெயர் இல்லை.

அந்த வட்டாரத்தில் கல்லேரி என்று இரண்டு ஊர்கள். பழைய நிலப் பதிவில், ஒன்றில் மட்டும் ராயப்பன் பெயரில் ஒரு புஞ்சை இருந்தது. பஞ்சத்துக்குப் பின் அது முனியன் பெயருக்கு மாறியிருந்தது.

முனியனின் வழிவந்த பச்சையப்பன் கேழ்வரகுக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தார். ராயப்பன் பெயரைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது.

"நெலத்தக் கேட்டு வந்தீங்களா ஐயா?"

"இல்லை. சவேரியம்மாள் என்று ஒரு குழந்தை..."

பச்சையப்பன் களைக்கொத்தைக் கீழே வைத்தார்.

"அதுக்குக் காய்ச்சலாம். கப்பல்ல ஏத்த மாட்டாங்கன்னு எங்க வீட்ல விட்டுட்டுப் போனாரு. வளத்துக்கோன்னு இந்த நெலத்தையும் குடுத்தாரு. எங்க வீட்லயும் கஞ்சி இல்ல ஐயா. கொழந்த தங்கல. நெலம் தங்கிடுச்சு."

கொல்லை நடுவில் இருந்த ஒரு கல்லைக் காட்டினார்.

"ஏர் ஓட்டுறப்ப அதச் சுத்தித்தான் போவோம். எங்க அப்பா சொல்லிட்டுப் போனது."

மரியதாஸ் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கேட்டு வளர்ந்த பெருமை பொய்யாகிப் போனது. பச்சையப்பனிடம் கோபப்படவும் முடியவில்லை, மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை.

"ஊர் கிடைத்துவிட்டது," என்றார் கடைசியில். "இதைக் கேட்டபின் எனக்கு எதுவும் வேண்டாம் அடிகளே. இன்றைக்கே துறவு கொடுங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்."

அடிகள் கொல்லை நடுவில் இருந்த கல்லைப் பார்த்தார்.

"விட்டுவிட்டுப் போவது உங்கள் வீட்டுக்குப் புதிதல்ல," என்றார். "போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள்."