ஈரக் கை

இளவேள் என்ற அரசன் தன் மனைவி கோதையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆற்றுத்துறையில்.

அது வெகு காலம் முன்பு, பிள்ளைகளே. சோப்பு என்ற சொல்லே கடல் தாண்டி நம் பக்கம் வராத காலம். அரசிக்கும் பூந்திக்கொட்டைதான், ஆண்டிக்கும் பூந்திக்கொட்டைதான். கோதை தலை முழுகிவிட்டுத் துறையோரத்துப் பூந்தி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஆமணக்கு இலையின் காம்பு குழல்போல இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதைப் பூந்தி நுரையில் தோய்த்து ஊதினாள். எலுமிச்சை அளவில் ஒரு குமிழி வந்தது. அதில் ஆறு தெரிந்தது, வானம் தெரிந்தது, எல்லைக்குப் புறப்பட்டு நின்ற அரசனின் முகமும் தெரிந்தது.

அரசன் கையை நீட்டினான். பட்டதும் குமிழி உடைந்தது.

கோதை சிரித்தாள். “இன்னொன்று ஊதட்டுமா?”

“வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்று அவன் குதிரை ஏறினான்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது கோதை இல்லை. காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. தொட்டிலில் ஒரு வயது மகள் தத்தை மட்டும் கிடந்தாள்.

அரசன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். ‘இந்தக் கைக்கு ராசி இல்லை. இது தொட்டது எதுவும் நிற்காது’ என்று முடிவு கட்டினான். அன்றே மூன்று காரியம் செய்தான். குமிழி ஊதுகிறவர் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று பறையறையச் சொன்னான். கோயில் விளக்கைத் தன் கையால் ஏற்றுவதை நிறுத்தினான். மகளைத் தூக்குவதையும் நிறுத்தினான்.

மூன்று ஆண்டு போயிற்று. தத்தை என்றால் கிளி; அவளுக்குப் பேருக்கு ஏற்ற வாய். செவிலியோடு பேசுவாள், சமையற்காரரோடு பேசுவாள், குதிரையோடும் பேசுவாள். அப்பாவோடு மட்டும் பத்தடி தள்ளி நின்று பேசுவாள். இன்னும் பக்கத்தில் போனால் அப்பா எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் அவள் செவிலியின் கண்ணில் படாமல் ஆற்றுத்துறைக்கு ஓடிவந்தாள். அங்கே ஊருக்குத் துணி வெளுக்கும் சடைச்சி, பட்டுச் சேலைகளைப் பூந்தி நீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அது என்ன வெள்ளையா?”

“நுரை.”

“அது என்ன பண்ணும்?”

“என்ன பண்ணுமா! அடி என் கண்ணே, இதுகூடத் தெரியாமலா நாலு வயசு வளர்ந்தே?”

சடைச்சி அந்த நேரம் அரசன் உத்தரவை மறந்தாள். ஆமணக்குக் காம்பை ஒடித்தாள், தோய்த்தாள், ஊதினாள். ஒரு குமிழி, இரண்டு குமிழி, மூன்று குமிழி. குழந்தை துரத்திப் பிடித்தது எல்லாம் உடைந்தது. சடைச்சியின் கையில் இறங்கியது மட்டும் உடையாமல் உட்கார்ந்தது. தத்தை போட்ட கூச்சல் கோட்டை வாசல்வரை கேட்டது. காவலர்கள் வந்துவிட்டார்கள்.

அவையில் அரசன் கேட்டான்: “உத்தரவு தெரியாதா?”

“தெரியும் ராசா. பிள்ளை கேட்டுச்சு, வாய் முந்திக்கிச்சு.”

“அப்பா!” என்று பத்தடி தள்ளி நின்ற தத்தை கத்தினாள். “இந்த அக்கா கையில அது உட்கார்ந்துச்சு! உடையவே இல்லை!”

அரசனின் முகம் மாறியது. “இங்கே எல்லார் முன்னாலும் ஊது. ஒருவர் கையிலாவது அது நின்றால் நீ ஊரில் இருக்கலாம். நிற்காவிட்டால் இன்றைக்கே எல்லை தாண்ட வேண்டும்.”

ஒரு கிண்ணத்தில் பூந்தி நுரையும் ஓர் ஆமணக்குக் காம்பும் கொண்டுவந்தார்கள். கைராசிக்குப் பேர்போன மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். முதலில் வைத்தியர். அவர் தொட்டால் நோய் ஓடும். குமிழி உடைந்தது. “காற்று அதிகம்” என்றார். அடுத்து, ஊருக்கே முதல் விதை போடுகிறவர். குமிழி உடைந்தது. “நாள் சரியில்லை” என்றார். மூன்றாவது, கல்யாண வீடுகளில் பந்தக்கால் நடுகிறவர். அவர் கையிலும் உடைந்தது. “ஊதினவள் சரியில்லை” என்றார்.

“உன் கையை நீட்டு” என்றான் அரசன்.

சடைச்சி நீட்டினாள். குமிழி மெதுவாக இறங்கியது. பட்டதும் உடைந்தது.

காவலன் அவள் தோளைப் பிடித்தான். சடைச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“அட! வெயிலில நடத்திக் கூட்டியாந்தீங்களே, காய்ஞ்சு போச்சு!”

நுரைக் கிண்ணத்தில் கையை முக்கி எடுத்தாள். இன்னொன்று ஊதினாள். அது அவள் கையில் இறங்கி, கோழிபோல உட்கார்ந்துகொண்டது.

“ராசியான கை!” என்றார்கள் எல்லாரும்.

“யாருக்கு, எனக்கா? நான் வச்ச கோழி ஒண்ணுகூடக் குஞ்சு பொரிக்கலை. நான் நட்ட முருங்கையே மூணு தடவை பட்டுப்போச்சு. இது ராசி இல்லை சாமி, ஈரம். காய்ஞ்ச கை பட்டா உடையும், நனைஞ்ச கையில நிக்கும். நீங்களும் நனைச்சுப் பாருங்க.”

அரசன் இறங்கி வந்தான். கையை முக்கினான். சடைச்சி ஊதினாள். குமிழி இறங்கியது. நின்றது. அதில் அவை தெரிந்தது, தூண் தெரிந்தது, பத்தடி தள்ளி நின்ற மகளும் தெரிந்தாள். இருபது எண்ணும்வரை நின்றது. பிறகு உடைந்தது.

அரசன் முகம் வாடியது.

“இன்னொண்ணு!” என்று தத்தை குதித்தாள். “இன்னொண்ணு ஊது அப்பா!”

அரசன் அவளைப் பார்த்தான். அந்தப் பத்தடியை அவனே நடந்தான். நுரை சொட்டும் கையோடு அவளைத் தூக்கினான். பட்டுப்பாவாடை நனைந்துபோயிற்று. “அய்யே, ஈரம்!” என்று கத்திக்கொண்டே அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அப்பா ஊதினார், மகள் ஊதினாள், அவையே ஊதியது. பந்தக்கால் நடுகிறவர் ஊதியது பூசணிக்காய் அளவுக்கு வந்தது. அதை அவர் கிழவராகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சடைச்சி அலசாமல் விட்டுவந்த சேலைகளை நினைத்துத் துறைக்கு ஓடினாள்.

கை உலர்ந்திருந்ததைக் கைராசி இல்லை என்று நினைத்து, நமக்கு வேண்டியவர்களைத் தொடாமல் விலகி நிற்கக் கூடாது.

கோதை உட்கார்ந்திருந்த பூந்தி மரம் அந்தத் துறையில் இன்னும் நிற்கிறது. மாசியில் கொட்டை உதிர்கிறது.