சொட்டுச் சிந்தாத லோடு

கொக்கரசம்பாளையத்து ஆட்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அந்த ஊரில் இதுவரை நடந்த விபரீதங்கள் அத்தனைக்கும் இந்த ஒரு நல்ல குணம்தான் காரணம்.

பக்கத்துச் சாயப்பட்டறையில் நல்லமுத்துவுக்கு வேலை கிடைத்தது. பட்டறைக் கழிவு கையில் பட்டால் தோல் வெந்துபோகும். ஓடையில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். அதை டிரம்மில் அடைத்து, வெகுதூரத்தில் இருக்கும் கழிவுக் கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் வேலை.

நல்லமுத்துவுக்குப் பூவாத்தாளைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுடைய அப்பா பெரியணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, மொத லோடுக்கு நானும் வண்டியில வாரேன். ஒரு சொட்டுச் சிந்தாம போய்ச் சேர்ந்தா பொண்ணு உனக்கு. சிந்துச்சுன்னா வேற எடம் பார்த்துக்க."

பட்டறை மேற்பார்வையாளர் தெய்வநாயகி வேலைக்குப் புதிது. பயந்து பயந்து விரல் மடக்கிச் சொன்னார்.

"ஒரு சொட்டுக்கூடச் சிந்தக் கூடாது. கைக்குழந்தை மாதிரி பார்த்துக் கொண்டு போங்க. கூட்டம் இருக்கிற எடத்துல வண்டியை நிறுத்தாதீங்க. மூக்கு மூடியைக் கழட்டவே கூடாது. புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க" என்றார்கள் நல்லமுத்துவும், பெரியணனும், டிரைவர் செங்கோடனும்.

பிறகு மூவரும் கழிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் ஆலோசித்தார்கள். வெளியே வரும்போது செங்கோடன் டிரம்மை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கி வந்தான். "உடம்புன்னா இது உடம்பு!" என்று வாட்ச்மேன் மெச்சிக்கொண்டார்.

டிரம்மில் ஒரு மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தது.

"யாருடா இது?" என்றார் பெரியணன்.

"முன்னாடி இந்த வேலை பார்த்தவருங்க போல" என்றான் நல்லமுத்து.

"பாவம், என்னமா எளைச்சுட்டாரு."

"எளைச்சாலும் பல்லுத் தெரியச் சிரிக்கிறாரு பாருங்க. வேலை புடிச்சிருக்கு."

கைக்குழந்தை என்று சொன்ன பிறகு வெறும் பலகையில் கிடத்த முடியுமா? வண்டியில் சேலையைக் கட்டித் தூளி போட்டார்கள். கண்ணேறு படாமல் டிரம்முக்குக் கன்னத்தில் மை வைத்தார்கள். நல்லமுத்து தூளியை ஆட்டினான். பெரியணன் மூக்கு மூடிக்குள்ளிருந்தே தாலாட்டுப் பாடினார்.

வழியில் டீ குடிக்கத் தோன்றியது. கடையிலோ நல்ல கூட்டம். நிறுத்தக் கூடாதே! செங்கோடன் கடையைச் சுற்றிச் சுற்றி வண்டியை ஓட்டிக்கொண்டே கெஞ்சினான்.

"ஏனுங்க, எல்லாரும் எங்கயாவது போயிட்டீங்கன்னா நாங்க வண்டியை நிறுத்திக்குவோம்!"

மண்டையோட்டைப் பார்த்ததும் கூட்டம் சிதறி ஓடியது. டீக்கடைக்காரரும் ஓடினார். இவர்களே டீ போட்டு, மூக்கு மூடியைக் கழற்றாமல் அதன் மேலேயே ஊற்றிக் குடித்தார்கள். நல்லமுத்துவின் சட்டை நனைந்தது.

"சிந்திட்டயே தம்பி!" என்று பெரியணன் எழுந்துவிட்டார்.

நல்லமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. "மாமா, அது டீங்க!"

"சொட்டுத்தானே?"

செங்கோடன் யோசித்துத் தீர்ப்புச் சொன்னான். "லோடுல இருந்து சிந்தினாத்தான் கணக்குங்க. இது ஆளுல இருந்து சிந்துனது."

பெரியணன் சமாதானமானார்.

கிடங்கில் பொறியாளர் டிரம்மைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார்.

"என்னய்யா, காலியா இருக்கு?"

"ஆமாங்க" என்றான் நல்லமுத்து பெருமையாக. "ஒரு சொட்டுச் சிந்தல."

"கழிவு எங்கே?"

"ரொம்பின டிரம் பட்டறையிலயே பத்திரமா இருக்குதுங்க. அம்புட்டு ஆபத்தான சாமானை ரோட்டுல கொண்டு வரலாமுங்களா? படத்தை மட்டும் உரிச்சு இதுல ஒட்டிக்கிட்டோம்."

பொறியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு தெய்வநாயகிக்குப் போன் போட்டார். அவர் அறைக்கு ஓடிப் பார்த்து, "டிரம் அப்படியேதான் சார் இருக்கு" என்று மூச்சு விட்டார். அன்றைக்கே வேறு ஆட்கள் அதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். காலி டிரம்களைக் காவல் காக்கும் வேலையை நல்லமுத்துவுக்கு நிரந்தரமாகவே கொடுத்தார் தெய்வநாயகி. அதில் சிந்துவதற்கு எதுவுமில்லை.

பெரியணனுக்கோ கண் கலங்கிவிட்டது. "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க மாப்பிள்ளை! பொண்ணு உங்களுக்குத்தான்."

கல்யாண நாள். மண்டபம் நிறைந்திருந்தது. கழற்றக் கூடாது என்று சொன்ன மூக்கு மூடியோடு மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருந்தான். பெண்ணை அழைத்து வரப் போன செங்கோடன், பூ அலங்காரம் செய்த காரை மெதுவாக, மிக மெதுவாக ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினான். பெரியணன் கதவைத் திறந்தார். பின் சீட்டில் ஒரு தூளி தொங்கியது. தூளிக்குள் மணமாலை மட்டும் இருந்தது.

"பொண்ணு எங்கடா?" என்று கூட்டம் கத்தியது.

"வீட்டுல பத்திரமா இருக்குதுங்க" என்றான் செங்கோடன். "தங்கமான புள்ளை. இந்த ரோட்டுல கொண்டு வரலாமுங்களா?"

பெரியணன் மாலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. மணையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, ஒரு பூக்கூட உதிரல! கொட்டச் சொல்லுங்க மேளத்தை!"