நாயக் கோதண்டபாணியின் மனு

கோதண்டபாணியைப் பட்டாளம் வீட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஒரு பல்கூட ஆடவில்லை. அனுப்பிவைத்த கர்னலுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் நடப்பார். அவர் இருந்தார். இவர் வந்துவிட்டார்.

சட்டம் அப்படி. சிப்பாய்க்கு மேலே, ஹவில்தாருக்குக் கீழே இருப்பவர் நாயக். இருபத்திரண்டு வருஷம் முடிந்ததும் அவர் பெட்டியைக் கட்டிவிட வேண்டும். ஒரு படி ஏறியிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் கிடைத்திருக்கும். ஏறுவதற்கு மேலே இடம் காலியாகவில்லை.

வேலூர்ப் பக்கத்தில் சொந்த ஊர். வந்து மூன்று மாதம் இதையே பேசினார். டீக்கடையில் பேசினார். கல்யாண வீட்டில் பேசினார். பிறகு மேலிடத்துக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தார். எழுதியதை அடித்தார், மறுபடி எழுதினார். மனைவி சரோஜினிக்குப் பொறுக்கவில்லை.

"நாலு நாள் மடத்துல போய் இருந்துட்டு வாங்க. எழுதறதை அங்க உக்காந்து எழுதுங்க."

மலையடிவாரத்தில் அந்தச் சின்ன மடத்தை நடத்திவந்தவர் திருவருள் அம்மை. கோதண்டபாணியைவிட ஐந்து வயது இளையவர். ஆனாலும் அவரிடம்தான் இவர் தீட்சை வாங்கியிருந்தார்.

மடத்திலும் கோதண்டபாணி சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் மலை உச்சிவரை ஓடினார், ஓடியே இறங்கினார். இறங்கியதும் மூச்சு வாங்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றார். அம்மை பார்த்தார்.

நான்காம் நாள் மனு முடிந்தது. பதினேழு பக்கம். எடுத்துக்கொண்டு போனார். அம்மை கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் பிசுபிசுப்பு.

"நீங்களே படிங்க. கேக்கறேன்."

படித்தார். பனிமலையில் காவல் நின்றது, காயம்பட்டவனைத் தோளில் போட்டு மூன்று மைல் இறங்கியது, போன வருஷ ஓட்டத்தில் இளவட்டங்களை முந்தியது, எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரே மலை, ஒரே குளிர். எனக்கு மட்டும் வயசாயிடுச்சு, அதிகாரிக்கு ஆகலையா? இது நியாயமாம்மா?"

"நியாயமில்லை."

கோதண்டபாணி இதை எதிர்பார்க்கவில்லை. மனசை அடக்கு என்று சொல்வார், அதற்கு இன்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தார்.

அம்மை கேட்டார்: "நீங்க போய்ச் சேர்ந்தப்ப யாரோட இடம் உங்களுக்குக் கிடைச்சுது?"

"இடமா?" கொஞ்சம் யோசித்தார். "பயிற்சி முடிஞ்சு போறேன். அன்னிக்கு ஒருத்தருக்கு சர்வீஸ் முடியுது. மராட்டிக்காரர், நாயக். அவர் கட்டிலைத்தான் எனக்குக் காட்டினாங்க."

"அவருக்கு என்ன வயசு?"

"கிழவர்ம்மா. நல்லா..."

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு இருக்கும்" என்றார் பிறகு, மெதுவாக.

"கிளம்பறப்ப என்ன செஞ்சார்?"

"கம்பளியை மடிச்சார். சரியில்லைன்னு பிரிச்சார். திரும்ப மடிச்சார். நான் டிரங்குப் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தேன்."

"ஏதாவது பேசினீங்களா?"

கோதண்டபாணி காகிதங்களின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார். அவை ஏற்கனவே சரியாகத்தான் இருந்தன.

"எப்ப காலி பண்ணுவீங்கன்னு கேட்டேன். அரைகுறை இந்தியில."

"அவர்?"

"சிரிச்சார். நகர்ந்துக்கிட்டார்."

அம்மை கொட்டையை முறத்தில் போட்டார். வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. கோதண்டபாணி காகிதங்களை இரண்டாக மடித்தார்.

"இதைக் கிழிச்சுப் போட்டுடட்டுமாம்மா?"

"எதுக்குக் கிழிக்கணும்? நியாயமில்லைன்னுதானே சொன்னேன். அனுப்புங்க. அவரையும் சேர்த்து எழுதி அனுப்புங்க."

"அவர் பேரு..." கோதண்டபாணி நெற்றியைத் தேய்த்தார். கண்ணை மூடித் திறந்தார். "பேரு ஞாபகம் வரலைம்மா."

அம்மை அடுத்த புளியைக் கையில் எடுத்தார்.

"அப்ப மனு இன்னும் முடியலை."