மிளகுக்கொடி விட்டுக்கொடுத்த பெயர்

செடிகொடிகளுக்கு வாயும் காலும் இருந்த காலம் ஒன்று உண்டு. மிளகாய் என்கிறவள் இன்னும் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. நாக்குக்கு உறைப்பு வேண்டுமென்றால் மலைமேல் இருந்த மிளகுக்கொடி ஒருத்திதான் கதி. மிளகு என்பது பின்னால் வந்த பெயர். அன்றைக்கு அவள் பெயர் கறி.

அந்த மலையில் ஒரு வழக்கம். அடுப்படியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் அடுப்பை அவமதித்ததாகிவிடும். கத்தரியையோ அவரையையோ யாரும் கூப்பிடவில்லை. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல்தான்: "கறீ!"

அவள் சரிவில் இறங்கி வருவாள், நாலு மணியை உதிர்த்துக் கொடுப்பாள், மூச்சு வாங்க மேலே ஏறுவாள். பாதி வழியில் அடுத்த வீட்டுக் குரல் கேட்கும். கால் ஓய்ந்துபோனதுகூடப் பெரிதில்லை. அந்த அலைச்சலில் அவளுடைய பூங்கதிரெல்லாம் வழியிலேயே உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் பிஞ்சே பிடிக்கவில்லை. இப்படியே போனால் தன் வம்சம் தன்னோடு முடிந்துவிடும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு மத்தியானம் அடிவாரத்துக் கொற்றி கூப்பிட்டாள். கொற்றிக்கும் வீடு நிறைய ஆட்கள். அவளும் உட்கார நேரமில்லாதவள்தான். கொடி ஒரு பலாமரத்தில் சாய்ந்து நின்றாள். கத்தரி அந்த வழியாக வந்தான்.

"என்னக்கா, கூப்பிடுறாங்களே, போகலையா?"

"முடியலடா தம்பி."

"உனக்கென்ன, கூப்பிட ஆள் இருக்கு. என்னை யாரு சீண்டுறா?"

"அப்போ என் பேரை நீ வச்சுக்கோ. மடியில மிச்சம் கிடக்கிற போன வருஷத்து மணியையும் எடுத்துக்கோ. இனிமே கூப்பிட்டா நீ போ."

"கொடுத்த பேரைத் திரும்ப வாங்க முடியாதேக்கா?"

"வாங்கி என்ன பண்ணப்போறேன்? போடா. நான் கொஞ்சம் தூங்கணும்."

கத்தரி ஓடினான். கொற்றி நிமிர்ந்து பார்த்தாள். "உன்னை யாரு கூப்பிட்டா?"

"கறின்னு கூப்பிட்டீங்களே. இப்போ நான்தான் கறி."

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "என்னவோ போ" என்று அவனை அரிந்து சட்டியில் போட்டு, மணிகளைத் தட்டித் தூவினாள். வீடு சட்டியை வழித்துத் தின்றது.

பிறகென்ன? அவரை வந்து பெயரில் பங்கு கேட்டது. வாழைக்காய் கேட்டது, மீன் கேட்டது. ஆடுகூட வந்து கேட்டது. அதற்கு ஏன் இந்த ஆசை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெகுகாலம் கழித்துக் கப்பலில் வந்த இங்கிலீஷ்காரர்கள் எந்தச் சட்டியைக் காட்டிக் கேட்டாலும் கறி என்ற ஒரு பதில்தான் கிடைத்தது. அவர்களும் அலுத்துப்போய், குழம்பு, கூட்டு என்றெல்லாம் பார்க்காமல் அந்தச் சொல்லையே எல்லாவற்றின் தலையிலும் கட்டினார்கள்.

கொடி தூங்கினாள். தூக்கத்திலேயே அவள் கால்கள் கணுவுக்குக் கணு வேராகிப் பலாமரத்தைப் பற்றிக்கொண்டன. கதிர் உதிரவில்லை. பிஞ்சு பிடித்தது.

அடுத்து வந்த மழைக்காலத்தில் கொற்றியின் கைப்பிள்ளைக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. கஷாயத்துக்கு அந்த மணி இல்லாமல் ஆகாது. கொற்றி மலையைப் பார்த்துக் கத்தினாள். "கறி! கறீ! சீக்கிரம் வா தாயே!"

கத்தரி வந்தான். அவரை வந்தது. மீன் துள்ளி வந்தது. வாசல் நிறைய வந்து நின்றும் பிள்ளைக்கு உதவ ஒருவராலும் முடியவில்லை. மேலே கொடிக்குக் குரல் கேட்டது. பதறிப்போனாள். ஆனால் அந்தப் பெயர் இப்போது அவளுடையதில்லை. இறங்கக் காலும் இல்லை. இருந்த இடத்திலேயே அழுதாள்.

கொற்றி மழையில் நனைந்துகொண்டே மேலே ஏறினாள். ஒரு மூங்கிலை மரத்தில் சாய்த்து, அதன் கணுக்களில் கால் வைத்து ஏறிக் கதிரைப் பறித்தாள்.

"கூப்பிட்டா வரமாட்டியா நீ?"

"பேரை விட்டுட்டேன்மா. வேணுங்கிறதை எடுத்துக்கோ. இறங்கி வர மட்டும் சொல்லாதே."

கொற்றி திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டவில்லை. அந்த அலுப்பு அவளுக்குத் தெரிந்த அலுப்பு.

"சரி, நீ இரு. இனி நான் வர்றேன்" என்றாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

இன்றைக்கு உலகத்தில் எந்தச் சட்டி கொதித்தாலும் கறி என்கிறார்கள். அந்தப் பெயரின் பழைய சொந்தக்காரியிடம் போவதற்கு மட்டும், அந்த மழைநாள் தொட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள்.