பூரணத்தின் கோழிகள்

ஆசிரமத்துக்குள் நுழையும்போதே மாசிலாமணியின் கையில் ஒரு மூங்கில் கூடை. உள்ளே ஒரு சேவலும் பெட்டையும். புறாவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, குட்டைக்கோழி ஜாதி. இரண்டும் அட்டக்கறுப்பு.

"இதுங்களை யாருக்காவது கொடுத்திருங்கம்மா" என்றார் குருவம்மாவிடம். குருவம்மா அவரைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் மனசு சரியில்லையென்றால் மனிதர் வந்து உட்காருவது அங்கேதான்.

"உங்க வீட்டம்மா பூரணம் வளர்த்ததாச்சே?"

"அவ வளர்த்தது வெள்ளைக் கோழிம்மா. அவ செத்த பிறகு அதுகூடத்தான் பேசிக்கிட்டுக் கிடந்தேன். பக்கத்து வீட்டுக் கறுப்புச் சேவலோட சேர்ந்துச்சு. பொரிச்ச குஞ்சு அத்தனையும் கறுப்பு. அதுல வளர்ந்ததுதான் இது ரெண்டும். போன மாசம் அந்த வெள்ளையும் போயிருச்சு. இதுங்களைப் பார்த்தாலே எரிச்சலா வருது."

"உங்க மக வடிவு கூப்பிட்டாளாமே?"

"ஆமா. பிள்ளைத்தாய்ச்சி. 'கூட வந்து இருங்கப்பா'ங்கிறா." மாசிலாமணி கூடையைத் தள்ளி வைத்தார். "போய் என்னம்மா செய்ய? நிறம், மூக்கு, பிடிவாதம், எல்லாம் என்னையே உரிச்சு வச்சிருக்கா. அவ முகத்துல பூரணத்தைத் தேடித் தேடிப் பார்த்துட்டேன், ஒரு துளிகூட இல்லை. அப்போ பூரணம் மொத்தமாவே போயிட்டாளா? சொல்லுங்க."

குருவம்மாவிடம் இதுதான் வம்பு. கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும்.

"பெட்டை முட்டையிடுது போலிருக்கே. அடைவச்சுப் பொரிக்கட்டும். அதுவரைக்கும் இங்கேயே இருந்து பார்த்துக்கோங்க."

கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் கறுப்புதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார். ஆனால் பெட்டை அடையில் உட்கார்ந்துவிட்டால் மனிதர் சும்மா இருப்பாரா? தண்ணீர் வைத்தார், பூனையை விரட்டினார், மழை பெய்த அன்று தன் போர்வையையே கூடைமேல் போட்டார்.

ஒருநாள் காலையில் குருவம்மா பூப்பறித்துக்கொண்டிருந்தார். "அம்மா! சீக்கிரம் இங்கே வாங்களேன்!" என்று ஒரே சத்தம்.

பெட்டையின் சிறகடியில் கறுப்புக் குஞ்சுகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே வெளேரென்று ஒன்று. மாசிலாமணி அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"பூரணத்தோட கோழிம்மா இது! அதேதான்!" மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "இங்கே வெள்ளையே கிடையாதே. இத்தனை நாள் இது எங்கே இருந்துச்சு?"

"என்னை ஏன் கேட்கிறீங்க? எரிச்சலா வருதுன்னு கொண்டுவந்தீங்களே, அதுங்களைக் கேளுங்க. பாவம், உள்ளுக்குள்ளேயே சுமந்துகிட்டுத் திரிஞ்சிருக்கு."

குருவம்மா குஞ்சை மெதுவாக வாங்கித் தாயின் சிறகுக்குள் விட்டார்.

"அது சரி, வடிவுக்கு இது எத்தனாவது மாசம்?"