கம்பி அவிழ்த்த பிறகு

மங்கையர்க்கரசி வாய்க்கும் முகத்துக்கும் பயிற்சி கற்றுத்தருபவர். வாயால் மூச்சு விடுகிறவர்களும் பல்வரிசை கலைந்தவர்களும் அவரிடம் வருவார்கள். உதட்டை மூடு, நாக்கை மேலண்ணத்தில் வை, மூக்கால் மூச்சு விடு. அங்கே பாடம் அவ்வளவுதான்.

பூவராகன் அவருடைய மாணவர். ஆசிரியரைவிட வயதில் மூத்தவர். பஸ் கண்டக்டராக விசிலும் கூச்சலுமாகக் காலம் தள்ளியதில் முன்பற்கள் வெளியே வந்துவிட்டன என்பார். பல்லுக்குக் கம்பி கட்டினார், நேராயின. கம்பியை எடுத்தார், திரும்பத் தள்ளிக்கொண்டன. மறுபடி கட்டி எடுத்தார். இப்போது மறுபடியும் தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

"இன்னொரு தடவை கம்பி கட்டினா பல்லு கையோட வந்துடும்ங்கிறார் டாக்டர். வேர் தேஞ்சுபோச்சாம்," என்றார் பூவராகன். "காலையும் மாலையும் பயிற்சியை விட்டதே இல்லம்மா. புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறதே நான்தான். எனக்கு மட்டும் ஏன் நிக்கல?"

ஆசிரியர் வாசலைப் பார்த்தார்.

"பெயர்ப்பலகைக் கம்பம் சாஞ்சிருக்கு. நிமிர்த்திட்டு வாங்க."

கேட்டதற்கு இது பதிலா என்று பூவராகனுக்குத் தோன்றியது. ஆனாலும் கொத்தனார் செபஸ்தியானைக் கூட்டிவந்தார். கொத்தனார் குழியில் ஜல்லி போட்டு இடித்தார். கம்பத்தை இழுத்துப் பிடித்து முளையில் கம்பி கட்டினார். மண் இறுகியதும் அவிழ்த்தார்கள்.

சில வாரங்களில் கம்பம் பழையபடி சுவர்ப்பக்கம் சாய்ந்தது.

"என்னய்யா வேலை பாத்தே?" என்று பிடித்துக்கொண்டார் பூவராகன்.

"கம்பத்துக்குக் காலா இருக்கு, தானா நகர? யாரோ தள்ளுறாங்க. அந்த ஆளைப் பிடிங்க, என்னை விடுங்க."

பூவராகன் ஆசிரியரிடம் போய்ச் சொன்னார்.

"சரியாத்தானே சொல்றார்? பிடிச்சிட்டு வாங்க."

அன்று பூராவும் பூவராகன் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல வாய் லேசாகத் திறந்திருந்தது. வந்தவர்கள் படியோரம் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனார்கள். தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். ஓர் ஆடு வந்து கம்பத்தை முகர்ந்து, பிடிக்காமல் போயிற்று. தொட்டவர் ஒருவரும் இல்லை.

சாயங்காலம் எழுந்து வந்தார். ஆசிரியர் படியில் நின்றிருந்தார்.

"ஒருத்தரும் தள்ளலம்மா. கொத்தனார் கதை விடுறார்," என்றபடியே, செருப்பைக் கழற்ற இடது கையைக் கம்பத்தில் ஊன்றினார்.

ஆசிரியர் அந்தக் கையைப் பார்த்தார். பூவராகனும் பார்த்தார். மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"இது... செருப்பைக் கழட்டக் கை வைக்கிறது. எப்பவும் வைக்கிறதுதான். பலமாத் தள்ளவே இல்லையேம்மா."

"எச்சிலை விழுங்குங்க."

விழுங்கினார். நாக்கு முன்பற்களுக்குப் பின்னால் போய், மெத்தென்று ஒருமுறை அழுந்தித் திரும்பியது. பயிற்சி நேரம் போக மற்ற நேரத்தில் அது எங்கே போகிறது என்று அவர் பார்த்ததில்லை.

இன்னொரு முறை விழுங்கினார். மறுபடியும் போயிற்று.

"பலமாத் தள்ளிச்சா?" என்று கேட்டார் ஆசிரியர்.