இதர தேசத்து ராஜா

முன்னொரு காலத்திலே மருதவேலி நாட்டைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். பாதி நேரம் ஆண்டான். மீதி நேரம் தன் கட்டியத்தைக் கேட்டுப் பூரித்துக்கொண்டிருந்தான். அவன் எங்கே போனாலும் கட்டியங்காரன் முன்னே நின்று பட்டப்பெயர்களை முழங்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அன்று ராஜாவுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷ வெள்ளத்தில் பெரிய ஏரி உடைத்துக்கொண்டது. சேதி கேட்டு மலை தாண்டியும் கடல் தாண்டியும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். கூலி வேண்டாம், கரையைக் கட்டித் தருகிறோம் என்றார்கள். இப்படிப்பட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அவர்களை நாடுவாரியாகப் பிரித்துப் பெயர்ப்பலகை நடும் வேலை அரசவைப் பண்டிதர் மகுடேசரிடம் போய்ச் சேர்ந்தது.

மகுடேசர் அரண்மனை வாசலைத் தாண்டவில்லை. மெத்தையில் சாய்ந்தபடியே துணியில் உலகப்படம் வரைந்தார். நடுவில் மருதவேலி, அண்டா அகலத்துக்கு. தீவுக்காரர்களுக்கு 'மீன்வாடையார்' என்று பெயர். ஓர் ஓடையின் இரு கரையிலும் தலைமுறையாக முறைத்துக்கொண்டிருந்த வேளிமலை, பாந்துறை என்ற இரண்டு நாடுகளும் ஒரே கட்டத்தில் 'அக்கரையார்' ஆயின. மிச்சமிருந்த நாடெல்லாம் 'இதர'.

அதே பெயர்கள் எழுதிய பலகைகளைப் பார்த்ததும் அத்தனை பேரும் கூடையைக் கீழே போட்டார்கள்.

"நாங்க மண்ணு சுமக்க வந்தோம், வசவு சுமக்க வரலே," என்றாள் தீவுக்காரர்களின் தலைவி பாவை.

அரசவையில் மகுடேசர் துள்ளினார். "பார்த்தீர்களா அரசே! மந்திரி நாகநங்கையார் கொடுத்த இடம்தான் இது!" மந்திரி மோதிரத்தின்மேல் அவருக்கு வெகுநாளாகவே ஒரு கண்.

ராஜா உறுமினான். "நங்கையாரே, நாளை சாயங்காலத்துக்குள் அவர்கள் கூடை தூக்க வேண்டும். இல்லையென்றால் மோதிரம் பண்டிதருக்கு!"

நாகநங்கை மோதிரத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். வடக்கே கறுத்துக் கிடந்தது. அடுத்த மழைக்குள் கரை எழும்பாவிட்டால் கீழேயுள்ள ஊர்கள் மிஞ்சாது. நேரே பாவையிடம் போனாள். "தாயே, நாளைக்கு எங்கள் ராஜாவை விருந்துக்குக் கூப்பிடுங்கள். நீங்களும் ஓர் உலகப்படம் வரையுங்கள், எங்கள் பண்டிதர் முறைப்படியே."

மருதவேலியில் ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்குப் போனால், விருந்து வைப்பவர் சொல்கிறபடிதான் கட்டியம்.

மறுநாள் ராஜா பரிவாரத்தோடு பந்தலுக்குள் கால் வைத்தான். கட்டியங்காரன் கண்ணை இறுக மூடிக்கொண்டு முழங்கினான்:

"இதர தேசத்து இதர ராஜா, பெயர் விசாரிக்கவில்லை, வருகிறார் பராக்!"

யாரோ பின்னால் வருகிறார் என்று ராஜா திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. முகம் சிவந்தது, வாள் பாதி வெளியே வந்தது.

"அரசே, இதோ இவர்கள் வரைந்த படம்," என்று நாகநங்கை துணியை விரித்தாள். நடுவில் பாவையின் தீவு, அண்டா அகலத்துக்கு. ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி. பக்கத்தில் 'இதர'.

மகுடேசர் குதித்தார். "ராஜ நிந்தனை! ஒரு நாட்டாரை வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல், இருந்த இடத்திலிருந்தே பெயர் வைப்பதா? எல்லை போடுவதா? எந்த மூடன் செய்வான் இதை?"

பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

ராஜா வாளை மெதுவாக உறைக்குள் தள்ளினான். "வலிக்கத்தான் செய்கிறது," என்றான். "பலகைகளைப் பிடுங்குங்கள். அவரவர் பெயரையும் எல்லையையும் அவரவரே சொல்லட்டும்."

ஓடை யாருக்கு என்று வேளிமலையாரும் பாந்துறையாரும் உடனே வரிந்துகட்டினார்கள். "தாராளமாகச் சண்டை போடுங்கள், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு," என்றாள் நாகநங்கை. பத்து நடை மண் சுமந்ததும் இரண்டு தரப்புக்கும் மூச்சு வாங்கியது. ஓடை இருவருக்கும் பொது என்று முடிந்தது.

மழைக்கு முன்னே கரை எழும்பியது. மோதிரம் நாகநங்கையின் விரலிலேயே இருந்தது. கூடவே ஒரு முத்துமாலையும் வந்தது. 'பெயர் கேட்டு அழைத்த பெருமான்' என்ற புதுப் பட்டத்தை ராஜா தனக்குத்தானே சூட்டிக்கொண்டான். அவனை அந்த மட்டோடு விடுங்கள்.

கரை வேலை நடந்தபோது ஒரே ஒரு பலகை மட்டும் பிடுங்கப்படவில்லை: 'இதர'. அதன் கீழே ராஜ உத்தரவுப்படி மகுடேசர் தன்னந்தனியாக மண் சுமந்தார். பாவை அவரிடம் போய் ஒரு செம்பு தண்ணீர் நீட்டினாள்.

"ஐயா, உங்களை நாங்க எப்படிக் கூப்பிடணும்?"

பண்டிதர் கூடையை இறக்கி வைத்தார். பட்டம் ஒன்றும் வாயில் வரவில்லை. "மகுடேசன்," என்றார்.

பாவை போய்ப் பலகையைப் பிடுங்கினாள்.